முதல் வெற்றி சொந்தப் பாட்டில், மற்றவை பழைய பாட்டில்: ஷோவாடிவாடி குழுவின் 1974 சிங்கிள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் வரம்பு

பழைய இசையைப் புதிதாக மேடையேற்றும் குழுவுக்கு முதல் சிங்கிள், அதாவது ஒரு பாட்டை முன்னிறுத்தி விற்கும் சிறு இசைத்தட்டு, எப்போதும் சங்கடமான விஷயம்தான். ஊர் ஊராகப் பாடிப் பேர் வாங்கியதெல்லாம் மற்றவர் பாட்டு. இசைத்தட்டு என்று வரும்போது எதைப் போடுவது? பழைய பாட்டையே போட்டால், அசல் கடையிலேயே கிடைக்கிறதே என்பார்கள். புதிதாக எழுதினால், பழைய பாட்டுக் குழுவுக்கு இது எதற்கு என்பார்கள்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்திலிருந்து வந்த ஷோவாடிவாடி இந்தக் கேள்விக்கு 1974இல் ஒரு பதில் சொன்னது. அந்தப் பதில் பலித்தது. ஆனால் அது பலித்ததிலிருந்து குழு எடுத்துக்கொண்ட பாடம் அரைகுறையானது என்பது என் வாசிப்பு. 1973 முதல் 1982 வரை நடந்ததை வரிசையாகப் பார்க்கிறேன். குழுவின் எட்டுப் பேரையும் பெயரால் அல்ல, அவர்கள் செய்த வேலையால் மட்டும் குறிப்பிடுகிறேன். இங்கே ஆராய்வது ஆட்களை அல்ல, அவர்கள் எடுத்த முடிவுகளை.

பின்னணி

1950களில் அமெரிக்காவிலிருந்து வந்த ராக் அண்ட் ரோல் இசை 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு பதினைந்து வருடப் பழைய சரக்கு. ஆனால் செத்துப்போன சரக்கு அல்ல. 1972 ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், ஜெர்ரி லீ லூயிஸ், பில் ஹேலி எல்லோரும் ஒரே நாளில் பாடினார்கள். மறு வருடம் 1950களின் இறுதியைக் காட்டும் ஒரு பிரிட்டிஷ் படத்தின் பாடல் தொகுப்பு, பெரும்பாலும் பழைய பதிவுகளே நிறைந்தது, ஆல்பம் வரிசையில் முதலிடம் பிடித்தது. 1974 வசந்தத்தில் பில் ஹேலியின் ‘ராக் அரவுண்ட் தி க்ளாக்’ மறுபடி கடைக்கு வந்து சிங்கிள் விற்பனை வரிசையில் 12ஆம் இடம் வரை ஏறியது. அசல் வந்தது 1954இல். இருபது வருடம் கழித்தும் வாங்க ஆள் இருந்தார்கள்.

நாட்டு நிலைமையும் இதற்குத் தோதாக இருந்தது. எண்ணெய் நெருக்கடி, சுரங்கத் தொழிலாளர் போராட்டம், மின்சாரத்தை மிச்சப்படுத்த ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை ஆலைகளுக்கு வாரத்தில் மூன்றே நாள் வேலை, பிப்ரவரி கடைசியில் தேர்தல். ராக் அண்ட் ரோல் கொடிகட்டிய 1956 இனிமையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் ஏக்கத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே ஏக்கத்தை நம்பி அந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ குழுக்கள் கிளம்பின. அவற்றில் பல இன்று பேர்கூட மிஞ்சாமல் போயின.

இரண்டு குழு, எட்டு ஆள்

லெஸ்டரில் ஃபாஸ் வே என்ற பப்பில் இரண்டு உள்ளூர்க் குழுக்கள் வழக்கமாக வாசித்துக்கொண்டிருந்தன. ஒன்று சாய்ஸ், மற்றது கோல்டன் ஹாமர்ஸ். அவரவர் நிகழ்ச்சி போக, இரண்டு குழுவும் சேர்ந்து பழைய ராக் அண்ட் ரோல் பாடல்களை வாசித்துப் பார்ப்பதும் உண்டு. தனித்தனியாக வாசித்ததைவிட இதற்குக் கூட்டம் அதிகம் ரசித்தது. 1973இல் இரண்டும் ஒன்றாயின.

இங்கே கவனிக்க வேண்டிய முதல் முடிவு, யாரையும் கழிக்கவில்லை என்பது. இரண்டு குழுக்கள் சேர்ந்தால் பாடகர் ஒருவர் போதும், டிரம்மர் ஒருவர் போதும் என்று ஆளைக் குறைப்பதுதான் வழக்கம். இவர்கள் எல்லாவற்றையும் இரட்டையாகவே வைத்துக்கொண்டார்கள்: பாடகர் இருவர், கிட்டார் இருவர், பேஸ் இருவர், டிரம்ஸ் இருவர். வரும்படியை எட்டாகப் பிரிக்க வேண்டும் என்பதால் கணக்குப் பார்த்தால் நஷ்டம். ஆனால் கூட்டுக் குரலுக்கும் கனத்த தாளத்துக்கும் அதுவே மூலதனமாயிற்று. பின்னணிக் குரல்களின் ஊ-ஆ ஓசைகள் மேல் கட்டப்பட்ட 1950களின் டூ-வாப் இசைக்கு ஆள் நிறைய வேண்டும். குழுவின் பேரே அந்தப் பின்னணிக் குரலின் ஓசையிலிருந்து வந்ததுதான்.

இரண்டாவது முடிவு உடை. 1950களில் ராக் அண்ட் ரோலைக் கொண்டாடிய பிரிட்டிஷ் இளைஞர் கூட்டமான டெடி பாய்ஸ் அணிந்த நீண்ட டிரேப் ஜாக்கெட், வெல்வெட் காலர், காலோடு ஒட்டிய பேன்ட், ஷூ லேஸ் போன்ற மெல்லிய டை, தடித்த கிரேப் சோல் ஷூ. வடிவமெல்லாம் அசலைப் பார்த்து எடுத்ததுதான். நிறத்தில்தான் பெரிய வித்தியாசம். ஆளுக்கொரு பளிச் நிறம்; எட்டுப் பேர் வரிசையாக நின்றால் மிட்டாய்க் கடை. பிபிசியின் முதல் சேனல் 1969 நவம்பரில்தான் வண்ணத்துக்கு மாறியிருந்தது. வீடுகளுக்கு வண்ணப் பெட்டி வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எந்த ஆள் என்ன செய்கிறார் என்பது வரவேற்பறையிலிருந்து பார்ப்பவருக்கு நிறத்தை வைத்தே தெரிந்தது. உண்மையான டெடி பாய்ஸ் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு இது வேஷம். அவர்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் சிங்கிள் வாங்கப்போகிறவர்கள் அவர்கள் அல்ல.

தொலைக்காட்சிப் போட்டி

1973 கோடையில் ஏடிவி தொலைக்காட்சி நிறுவனம் ‘நியூ ஃபேசஸ்’ என்ற திறமைப் போட்டியைத் தொடங்கியது. நடுவர்கள் உட்கார்ந்து முகத்துக்கு நேரே விமர்சிக்கும் வகை நிகழ்ச்சி. அந்த வருடம் நவம்பரில் ஷோவாடிவாடி ஒரு சுற்றில் வென்றது. சுற்று வெற்றியாளர்கள் மோதிய இறுதிப் போட்டியில் இரண்டாம் இடம். கிளப்பில் வருடக்கணக்கில் பாடிச் சேர்க்கக்கூடிய கூட்டத்தை அந்த ஒரு நிகழ்ச்சி சில நிமிடங்களில் சேர்த்துக் கொடுத்தது. பெல் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. பே சிட்டி ரோலர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் பாப் குழு இருந்ததும் அங்கேதான். சிறுவர் சிறுமியர் கையிலிருக்கும் காசை எப்படி சிங்கிளாக மாற்றுவது என்று அப்போது நன்றாகத் தெரிந்து வைத்திருந்த இடம்.

முடிவு: முதல் தட்டில் எதைப் போடுவது

மேடையில் பாடியதெல்லாம் பழைய பாடல்கள். முதல் சிங்கிளாக வந்தது ‘ஹே ராக் அண்ட் ரோல்’, குழுவே எழுதிய பாட்டு. எழுத்துரிமையும் குழுவின் பெயரிலேயே போனது.

இந்த முடிவுக்கு அன்று இருந்த நியாயங்களை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று போட்டி. பழைய அசல்களே கடையில் மறுபடி விற்றுக்கொண்டிருந்தபோது, யாரென்றே தெரியாத ஒரு குழு பழைய பாட்டோடு வந்தால் முதல் கேள்வியே ‘அசலை விட நன்றாக இருக்கிறதா?’ என்றுதான் எழும். சொந்தப் பாட்டுக்கு அந்த ஒப்பீடு கிடையாது.

மற்றது பணம். அன்றைய பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டப்படி, விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் சில்லறை விலையில் 6.25 சதவீதம் பாட்டு எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் போக வேண்டும். ஏழு அங்குலத் தட்டின் இரண்டு பக்கமும் இதைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். மேல்பக்கத்தை எல்லோரும் கேட்டு வாங்குவார்கள், பின்பக்கத்தை யாரும் கேட்கவே மாட்டார்கள். இருந்தாலும் பங்கு சரிபாதி. வானொலி ஒலிபரப்புக்கான தொகை மட்டும் அப்படியல்ல, எந்தப் பக்கம் ஒலித்ததோ அந்தப் பக்கத்துக்கே சேரும். ஆகவே மேல்பக்கமும் சொந்தமாக இருந்தால் வரவு நன்றாக இருக்கும். எட்டாகப் பிரிக்க வேண்டிய குழுவுக்கு இது சின்ன விஷயமில்லை.

பாட்டைக் கேட்டால் இன்னொன்றும் புலப்படும். இது 1956இன் ஒலி அல்ல. இரண்டு டிரம்ஸ் சேர்ந்து தரையை மிதிப்பதுபோல் போடும் தாளம், கைத்தட்டு, எட்டுத் தொண்டையும் சேர்ந்து எழுப்பும் கோஷம். சாராம்சத்தில் அது, பளபளக்கும் உடையோடு அன்று பிரிட்டனில் ஓடிக்கொண்டிருந்த கிளாம் ராக் இசையின் 1974 தாளம். அதே பெல் நிறுவனத்தின் கிளிட்டர் பேண்டும் இரட்டை டிரம்ஸை வைத்து அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. பழையதாக இருந்தது உடையும் குரல் அமைப்பும் பாட்டின் பேச்சும். பல்லவி என்று சொன்னால் அது ராக் அண்ட் ரோலையே பேர் சொல்லிக் கூப்பிடும் அழைப்பு. கதை கிடையாது, காதலி கிடையாது. நாங்கள் வந்துவிட்டோம், இதுதான் எங்கள் சரக்கு என்ற அறிவிப்பு. கடைக்குப் போகும் பையன் பாட்டின் பேரை மறக்கவே முடியாது.

1974 மே, ஜூன்

பாட்டு மே மாதம் தரவரிசைக்குள் வந்தது. அன்று பிரிட்டனின் அதிகாரபூர்வ வரிசை ஐம்பது இடங்கள் கொண்டது. பிஎம்ஆர்பி என்ற ஆய்வு நிறுவனம் சுமார் முந்நூறு கடைகளின் விற்பனைக் குறிப்பேடுகளை வாங்கிக் கணக்கிட்டு, செவ்வாய்க்கிழமை ரேடியோ 1இல் அறிவிக்கும். வாரம் ஒருமுறை வரும் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி அதை வைத்தே ஓடியது. ஏறுகிற பாட்டுக்கு நிகழ்ச்சியில் இடம், இடம் கிடைத்ததால் மேலும் ஏற்றம். இந்தச் சக்கரத்துக்குள் எட்டு நிறச் சட்டைகள் நுழைந்தன. ‘ஹே ராக் அண்ட் ரோல்’ 2ஆம் இடம் வரை போனது.

இந்த இடத்தில் ஒரு ஒப்பீடு உதவும். அந்த மே நடுவிலிருந்து நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது ரூபெட்ஸ் குழுவின் ‘சுகர் பேபி லவ்’. அதுவும் பழைய டூ-வாப் பாணிதான், அதுவும் புதிதாக எழுதிய பாட்டுதான். ஆனால் அதை எழுதியவர்கள் இரண்டு தொழில்முறைப் பாடலாசிரியர்கள், பதிவில் வாசித்தவர்கள் கூலிக்கு வாசிக்கும் ஸ்டூடியோக் கலைஞர்கள். உச்சக் குரலில் பாடியவர் குழுவிலேயே சேரவில்லை. பாட்டு முதலில் வந்தது, குழு பிறகு கட்டப்பட்டது. ஷோவாடிவாடியில் கதை தலைகீழ். குழு ஏற்கெனவே இருந்தது, பாட்டு அதன் வாய்க்கு அளந்து தைக்கப்பட்டது. அன்றைய வாரக் கணக்கில் முதல் வழி ஒரு படி முந்தியது. இரண்டாம் வழி அடுத்த எட்டு வருடத்தில் எப்படித் தாங்கியது என்பது கீழே வரும்.

அடுத்த ஓராண்டு

முதல் பாட்டு எழுதியது நாம், அது ஓடியது, ஆகவே நாம் எழுதினால் ஓடும். குழு இப்படி முடிவு கட்டியிருக்க வேண்டும் என்று அடுத்த மூன்று தட்டுகளைப் பார்த்தால் தோன்றுகிறது. மூன்றும் சொந்தம். ‘ராக் அண்ட் ரோல் லேடி’ 15ஆம் இடம். கிறிஸ்துமஸுக்கு வந்த ‘ஹே மிஸ்டர் கிறிஸ்மஸ்’ 13. 1975இல் ‘ஸ்வீட் மியூசிக்’ 14.

இவை தோல்விகள் அல்ல. பல குழுக்கள் இந்த எண்களுக்காகத் தவம் கிடக்கும். ஆனால் அடையாளங்களைப் பாருங்கள். இரண்டாம் பாட்டின் பேரில் மறுபடி ‘ராக் அண்ட் ரோல்’. மூன்றாவதில் மறுபடி ‘ஹே’. அறிவிப்பை ஒருமுறைதான் செய்ய முடியும். வந்துவிட்டோம் என்று ஏற்கெனவே சொன்னவர் மறுபடி வாசலில் நின்று அதையே சொன்னால், உள்ளே வாருங்களேன் என்றுதான் சொல்லத் தோன்றும். எண்கள் ஒரே உயரத்தில் நின்றதிலிருந்து, குழுவை விரும்பும் ஒரு கூட்டம் உறுதியாக இருக்கிறது, பாட்டு அதைத் தாண்டி யாரையும் இழுக்கவில்லை என்று படிக்கலாம்.

1975 மே: திருப்பம்

அடுத்த தட்டு எடி காக்ரனின் ‘த்ரீ ஸ்டெப்ஸ் டு ஹெவன்’. காக்ரன் 1960 ஏப்ரலில் இங்கிலாந்தில் சுற்றுப்பயணத்தின்போது கார் விபத்தில் இறந்தவர். இறந்த பிறகு இந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடம் போனது. அதாவது அங்குள்ள ராக் அண்ட் ரோல் ரசிகனுக்கு ஏறக்குறையப் புனிதமான பாட்டு. தொட்டால் சுடும் என்று ஒதுங்கியிருக்கலாம். தொட்டார்கள், மறுபடி 2ஆம் இடம். அதே கோடையின் இறுதியில் பட்டி ஹாலியின் ‘ஹார்ட்பீட்’ 7ஆம் இடம்.

ஒரு வருடத்துக்கு முன்பு அசலோடு ஒப்பிடுவார்கள் என்று அஞ்சியது ஏன் இப்போது நடக்கவில்லை? இடையில் நடந்த ஒரே பெரிய விஷயம் ‘ஹே ராக் அண்ட் ரோல்’. அந்தப் பாட்டு குழுவுக்கு ஒரு முகத்தையும் ஒரு ஒலியையும் வாங்கிக் கொடுத்தது. 1975இல் கடைக்குப் போன பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ‘த்ரீ ஸ்டெப்ஸ் டு ஹெவன்’ காக்ரனின் பாட்டு அல்ல. நிறச் சட்டைக்காரர்களின் புதுப் பாட்டு. அவள் அம்மாவுக்கு அது தன் இளமை. ஒரே தட்டு இரண்டு பேருக்கு வெவ்வேறு காரணத்துக்காக விற்றது. முதல் வெற்றி குழுவுக்குத் தந்தது பாடலாசிரியர் பட்டம் அல்ல, அடுத்தவர் பாட்டைத் தன் பாட்டாகப் பாடும் உரிமை.

மீண்டும் சறுக்கல், பிறகு முதலிடம்

இத்தனை தெளிவான சைகைக்குப் பிறகும் 1975 முடிவில் சொந்தப் பாட்டான ‘ஹெவன்லி’ வந்தது. 34ஆம் இடம். 1976இல் ‘டிரொகடேரோ’, அதுவும் சொந்தம், 32. இரண்டாம் முறை சொந்தப் பாட்டை நோக்கிப் போனது முதல் முறையைவிடக் கடுமையாகத் திருப்பியடித்தது. 1976 மே மாதத்தில் லண்டனில் டெடி பாய்ஸ் ஆயிரக்கணக்கில் ஊர்வலமாக பிபிசி வாசலுக்கே போய், வானொலியில் ராக் அண்ட் ரோல் போடு என்று கேட்டார்கள். வேண்டும் என்பவர்கள் தெருவுக்கு வந்து கேட்கிற வருடத்தில் இந்தக் குழு 32இல் நின்றது.

நவம்பரில் வந்தது ‘அண்டர் தி மூன் ஆஃப் லவ்’. 1961இல் அமெரிக்கப் பாடகர் கர்டிஸ் லீ பாடிய பாட்டு. அமெரிக்காவிலேயே பெரிதாக ஏறாதது, பிரிட்டனில் பெரும்பாலோர் கேட்டிராதது. டிசம்பரில் மூன்று வாரம் முதலிடம். விற்பனை பத்து லட்சத்தை நெருங்கியது.

இந்தத் தேர்வு புத்திசாலித்தனமானது. காக்ரன் பாட்டில் அசலின் புகழ் கூடவே வந்தது. இதில் அதுவும் இல்லை. கேட்டால் பழசு, ஆனால் எங்கே கேட்டோம் என்று நினைவில்லை. சொந்தப் பாட்டின் புதுமையும் பழைய பாட்டின் கட்டுக்கோப்பும் ஒன்றாகக் கிடைத்தன. அதன் பிறகு குழு தயங்கவில்லை. 1977இல் ‘வென்’ 3, ‘யூ காட் வாட் இட் டேக்ஸ்’ 2, ‘டான்ஸிங் பார்ட்டி’ 4. 1978இல் ‘ஐ வொண்டர் ஒய்’ 2, மேலும் இரண்டு பாடல்கள் 5ஆம் இடம். அதில் ஒன்று மறுபடி கர்டிஸ் லீயினுடையது. எல்லாம் பழைய பாட்டு. 1977 பங்க் இசையின் வருடம், லண்டன் கிங்ஸ் ரோடில் பங்க் இளைஞர்களும் டெடி பாய்ஸும் அடித்துக்கொண்ட வருடம். இந்தக் குழு அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் மூன்று தட்டுகளையும் முதல் ஐந்துக்குள் கொண்டுபோனது.

1979இலிருந்து இறக்கம். சொந்தப் பாட்டான ‘எ நைட் அட் டாடி ஜீஸ்’ 39இல் நின்றது. பழைய பாடல்களும் இருபதுகளுக்கும் முப்பதுகளுக்கும் இறங்கின. கடைசியாகத் தரவரிசையில் வந்தது 1982இல். பழைய பாட்டு என்ற மருந்து எப்போதும் வேலை செய்யும் என்றும் இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. 1980 வந்தபோது ஸ்ட்ரே கேட்ஸ் போன்ற இளம் குழுக்கள் டபுள் பேஸும் நின்றுகொண்டு அடிக்கும் டிரம்ஸுமாக ராக்கபிலியை, அதாவது கன்ட்ரி இசை கலந்த ஆரம்பகால ராக் அண்ட் ரோலை, கூர்மையாக்கி வந்துவிட்டன. அவற்றின் பக்கத்தில் நிறச் சட்டை குடும்பப் பொழுதுபோக்காகத் தெரிந்தது. மேடையில் மட்டும் குழு நிற்கவில்லை. ஆள் மாறினாலும் பேர் பல பத்தாண்டுகள் ஓடியது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியது

முதல் சிங்கிளை நான் மாற்ற மாட்டேன். 1974 வசந்தத்தில் அறிமுகமற்ற குழு பழைய பாட்டோடு போயிருந்தால் பில் ஹேலியின் மறுபதிப்போடு ஒரே அலமாரியில் மோத வேண்டியிருந்திருக்கும். சொந்தப் பாட்டு சரியான முடிவு.

மாற்ற வேண்டியது இரண்டாவது தட்டு. காக்ரன் பாட்டு 1974 இலையுதிர் காலத்திலேயே வந்திருக்கலாம். முதல் வெற்றி எதனால் வந்தது என்று அப்போதே பிரித்துப் பார்த்திருந்தால் இது புரிந்திருக்கும்: தொலைக்காட்சியில் கிடைத்த அறிமுகம், எட்டு நிறம், கூட்டுக் குரல், காலத்துக்கேற்ற தாளம், மறக்க முடியாத பேர். இவற்றில் பாட்டெழுதும் கலை கடைசியில்தான் வருகிறது. முதல் நான்கும் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும்.

சொந்தப் பாடல்களைக் கைவிடச் சொல்லவில்லை. அவற்றின் இடம் தட்டின் பின்பக்கம். மேல்பக்கம் கர்டிஸ் லீ, பின்பக்கம் நாம் என்று வைத்தால் விற்பனையில் எழுத்துக்கான பங்கில் சரிபாதி எட்டுப் பேருக்கும் வந்துசேரும். போவது வானொலித் தொகை மட்டும். 34ஆம் இடத்தில் நின்ற தட்டின் முழு உரிமையையும், 2ஆம் இடத்தில் நின்ற தட்டின் பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கூட்டினாலே 1975 டிசம்பரில் இந்த விவாதம் முடிந்திருக்கும்.